ஒரே பல்கலைக்கழகம், இரண்டு சோதனைகள்: சான் ஹோசேயில் தலைகீழ் வகுப்பறை

2012-13 கல்வியாண்டில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் தொழில்நுட்பம் சார்ந்த இரண்டு கற்பித்தல் முயற்சிகளை அடுத்தடுத்துச் செய்து பார்த்தது. இரண்டிலும் வீடியோ பாடம் இருந்தது. இரண்டிலும் வெளியிலிருந்து வந்த ஓர் அமைப்பின் இணையத்தளம் இருந்தது. முதலாவதில் 91 சதவீத மாணவர்கள் தேர்ச்சி பெற்றார்கள். இரண்டாவதின் முதல் பருவத்தில் எந்தப் பாடத்திலும் தேர்ச்சி 51 சதவீதத்தைத் தாண்டவில்லை. சில மாதங்களிலேயே அதை நிறுத்திவைக்கும் நிலை வந்தது.

91 என்ற எண் அப்போது செய்திகளில் நிறையவே சுற்றி வந்தது. அதன் பக்கத்தில் இரண்டாவது சோதனையையும் வைத்துப் பார்க்கும்போதுதான் தலைகீழ் வகுப்பறையில் எது வேலை செய்கிறது என்று தெரிகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோ செய்தது ஒரு சிறிய உதவி. வீடியோவால் மிச்சமான வகுப்பு நேரத்தை ஓர் ஆசிரியர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது.

முறை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆசிரியர் வகுப்பில் நடத்தும் விரிவுரையை மாணவர் வீட்டிலேயே பார்த்துவிட்டு வருகிறார். வீட்டுப்பாடமாகக் கொடுக்கும் கணக்குகளை வகுப்பில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது போடுகிறார். கொலராடோவின் உட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர முடியாமல் போகும் மாணவர்களுக்காக 2007-இல் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். தலைகீழ் வகுப்பறைக்கு ஆங்கிலத்தில் ஃபிளிப்டு கிளாஸ்ரூம் என்ற பெயர் பரவியது அவர்களால்தான். ஆனால் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலேயே, மாணவர்களைப் படித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பில் ஒரு கேள்வியைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அப்போது வீடியோ எதுவும் இல்லை, புத்தகம்தான். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

சர்க்யூட் பாடம்

சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவே இருக்கிறது. மாணவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள்; வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் நிறைய. பொறியியல் மாணவர்கள் கடந்தாக வேண்டிய பாடங்களில் ஒன்று மின்சுற்றுப் பகுப்பாய்வு. இ.இ. 98 என்பது அதன் எண். கணிதமும் இயற்பியலும் ஒன்றுசேரும் இடம் அது. நிறையப் பேர் அங்கே தவறுவார்கள், மறுபடி எடுப்பார்கள், பட்டம் தள்ளிப்போகும்.

அதே நேரத்தில் நாட்டின் மறுகோடியில் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் ஆளுக்கு 3 கோடி டாலர் போட்டு, 2012 மே மாதம் இணையவழிப் பாடங்கள் நடத்த எட்எக்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பை அறிவித்தன. அதன் அப்போதைய தலைவர் அனந்த் அகர்வால், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அந்த வசந்த பருவத்தில் அவரும் சக ஆசிரியர்களும் 6.002எக்ஸ் என்ற பெயரில் மின்சுற்றுப் பாடத்தை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக நடத்தினார்கள். சுமார் 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். அதாவது நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

அந்தப் பாடத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு சேதி உண்டு. மங்கோலியாவின் உலான்பாட்டரில் 15 வயது மாணவன் ஒருவன் முழு மதிப்பெண் வாங்கினான். இணையம் இருந்தால் போதும், எங்கிருந்தும் மேதை வருவான் என்பதற்கு அவனை உதாரணமாகக் காட்டினார்கள். ஆனால் அவனுடைய பள்ளியில் நடந்ததைப் பார்த்தால் கதை வேறு. அந்தப் பள்ளியின் முதல்வர் எம்.ஐ.டி.யில் படித்தவர். ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் மின்னணுச் சாதனங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு அங்கே போய், வீடியோவுக்குத் துணையாக மாணவர்களைக் கையால் சர்க்யூட் கட்ட வைத்தார். அங்கேயும் பக்கத்தில் ஆள் இருந்தார்.

2012 இலையுதிர் பருவத்தில் சான் ஹோசேயில் மின்பொறியியல் ஆசிரியர் கோஸ்ரோ காதிரி தன் இ.இ. 98 பிரிவில் எம்.ஐ.டி.யின் அந்தப் பாடத்தை எடுத்துப் பயன்படுத்தினார். பிரிவில் 80-க்கும் மேற்பட்ட மாணவர்கள். அதே பாடத்தின் வேறு இரண்டு பிரிவுகள் வழக்கமான விரிவுரை முறையில் நடந்தன.

வகுப்புக்குள் என்ன நடந்தது

மாணவர்கள் வகுப்புக்கு முன்பே அகர்வாலின் வீடியோக்களைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே கேமராவில் பிடித்தவை அல்ல அவை. சில நிமிடத் துண்டு ஒன்று, உடனே ஒரு சிறிய பயிற்சி, அப்புறம் அடுத்த துண்டு என்று போகும். விடையைத் தட்டினால் சரியா தவறா என்று இயந்திரமே சொல்லும். இந்த அமைப்பு முக்கியமானது. எட்எக்ஸ் பாடங்களில் 69 லட்சம் வீடியோப் பார்வைகளை அலசிய 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் நடுவில் விலகாமல் பார்ப்பது பெரும்பாலும் ஆறு நிமிடம்தான் என்று கண்டது. நம் ஊரில் 50 நிமிட விரிவுரையை ஒரே மூச்சில் பதிவு செய்து ஏற்றிவிட்டு, மாணவர்கள் பார்ப்பதில்லை என்று குறைப்படுகிறோம். குறை மாணவரிடம் மட்டும் இல்லை.

பார்த்த பிறகு மாணவர்கள் ஒரு கேள்வித்தாளையும் நிரப்ப வேண்டும்: எது புரிந்தது, எங்கே தடுக்கியது. காதிரி அதைப் படித்துவிட்டு வகுப்புக்கு வருவார். பலருக்கும் தடுக்கிய இடத்தை எடுத்துக்கொண்டு சுருக்கமாக விளக்குவார். அப்புறம் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். அவரும் உதவியாளர்களும் மேசை மேசையாகச் சுற்றி வருவார்கள். பிறகு தனித்தனியாக ஒரு சிறு தேர்வு. இது வாரத்தில் ஒரு நாள் நடக்கும் விசேஷம் இல்லை. ஒவ்வொரு வகுப்பும் இப்படித்தான்.

இந்தப் பாடத்தை எடுத்தவர்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். தெவனின் தேற்றம் சிக்கலான ஒரு சுற்றை ஒரு வோல்டேஜ் சோர்ஸும் ஒரு மின்தடையும் மட்டும் கொண்ட எளிய சுற்றாகச் சுருக்குகிறது. அந்த மின்தடையைக் கண்டுபிடிக்க, சுற்றில் உள்ள சுயேச்சையான சோர்ஸ்களை, அதாவது மின்னழுத்தமோ மின்னோட்டமோ தரும் மூலங்களை, அணைக்க வேண்டும். வோல்டேஜ் சோர்ஸ் இருந்த இடத்தை ஷார்ட் செய்கிறோம் (வெறும் கம்பியால் இணைக்கிறோம்), கரண்ட் சோர்ஸ் இருந்த இடத்தை ஓப்பன் செய்கிறோம் (துண்டித்துவிடுகிறோம்). ஆனால் சுற்றின் வேறொரு இடத்து மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ பொறுத்து மாறும் டிபெண்டன்ட் சோர்ஸ் இருந்தால், அதைத் தொடக்கூடாது. விரிவுரையில் ஆசிரியர் இதைத் தெளிவாகச் சொல்வார். வீடியோவிலும் தெளிவாகத்தான் இருக்கும். மாணவர் தலையாட்டுவார், குறிப்பும் எடுப்பார். மறுநாள் பேனாவை எடுத்து உட்கார்ந்ததும் எல்லா சோர்ஸையும் ஒரேயடியாக அணைத்துவிட்டு விடை வரவில்லை என்று விழிப்பார். ஏன் அணைக்கக்கூடாது என்ற காரணம் மனதில் ஏறவில்லை. விதி மட்டும்தான் ஏறியது.

அந்தத் தவறு வீட்டில், இரவு பதினொரு மணிக்கு நடந்தால் என்ன ஆகும்? நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிவிடுவார். வகுப்பில் நடந்தால் பக்கத்தில் இருப்பவர் ‘அதை ஏன் அணைச்ச?’ என்று கேட்பார். இவர் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் ஆசிரியர் இரண்டு மேசை தள்ளித்தான் நிற்கிறார். ‘அதை எது கட்டுப்படுத்துது பாரு, அது இன்னும் சுற்றுக்குள்ளதானே இருக்கு?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்த நொடியில்தான் தெவனின் தேற்றம் அந்த மாணவருடையதாகிறது. நல்ல விரிவுரையாளர் வாய் ஓயாமல் பேசும் ஒரு மணி நேரத்தில் இந்த நொடி ஒருமுறைகூட வராமல் போகலாம்.

பருவ முடிவில் காதிரியின் பிரிவில் 91 சதவீதம் பேர் தேறினார்கள். மற்ற இரண்டு பிரிவுகளில் 59, 55 சதவீதம். 2013 ஏப்ரலில் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் மேலும் 11 வளாகங்கள் வரை இதை விரிவுபடுத்தப் போவதாக அறிவித்தார்கள்.

இந்த எண்ணைக் கொண்டாடுவதற்கு முன் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பருவம், ஒரு பிரிவு, ஓர் ஆசிரியர். ஒரே நேரத்தில் பல விஷயங்கள் மாறின: வீடியோ வந்தது, குழு வேலை வந்தது, அடிக்கடி தேர்வு வந்தது, மாணவர் பாடத்துக்குச் செலவழித்த நேரமும் கூடியது. எது எவ்வளவு உதவியது என்று இந்த எண் மட்டும் சொல்லாது. ஆனாலும் 30 புள்ளிகளுக்கு மேல் உள்ள இடைவெளியைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆக, ‘எம்.ஐ.டி. வீடியோவால் தேர்ச்சி உயர்ந்தது’ என்று சொன்னவர்கள் அவசரப்பட்டார்கள். அந்த அவசரத்தின் விலை சில மாதங்களிலேயே தெரிந்தது.

150 டாலர் பாடம்

2013 ஜனவரி 15 அன்று கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன், பல்கலைக்கழகத் தலைவர் முகமது கயூமி, இணையவழிப் பாடங்கள் நடத்தும் யுடாசிட்டியின் நிறுவனர் செபாஸ்டியன் த்ரன் மூவரும் சேர்ந்து ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். 2011-இல் ஸ்டான்ஃபோர்டில் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்துவிட்டு, 1,60,000 பேரைப் பதிவு செய்ய வைத்தவர் த்ரன். அடுத்த ஆண்டே யுடாசிட்டியைத் தொடங்கினார். சான் ஹோசே பேராசிரியர்களின் பாடங்கள் யுடாசிட்டி தளத்தில் நடக்கும், ஒரு பாடத்துக்குக் கட்டணம் 150 டாலர், தேறினால் பல்கலைக்கழகத்தின் கிரெடிட் கிடைக்கும் என்பது ஏற்பாடு. அடிப்படைக் கணிதம், கல்லூரி அல்ஜிப்ரா, தொடக்கநிலைப் புள்ளியியல் என மூன்று பாடங்கள், பாடத்துக்குச் சுமார் 100 மாணவர்கள்.

நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவில் இடம் கிடைக்காமல் காத்திருந்த மாணவர்கள் ஏராளம். கணிதத்தில் பின்தங்கியவர்கள் தொடக்கப் பாடத்திலேயே மாட்டிக்கொண்டு படிப்பையே விட்டுவிடுவது பெரிய பிரச்சினை. அவர்களுக்கு மலிவான வழி ஒன்றைத் திறக்க நினைத்தார்கள்.

ஆனால் யாரை உள்ளே அழைத்தார்கள் என்று பாருங்கள். அடிப்படைக் கணிதத்தில் சேர்ந்த சான் ஹோசே மாணவர்கள் எல்லாரும் அதே பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை தவறியவர்கள். மற்றவர்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் சிலரிடம் சரியான கணினி வசதிகூட இல்லை. பருவத்தின் முதல் வாரங்கள் அதிலேயே போயின. பாடங்களும் முழுமையாகத் தயாராகவில்லை. ஒரு பக்கம் பருவம் ஓட, மறுபக்கம் பேராசிரியர்கள் பாடத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு இணையவழி வழிகாட்டிகள் இருந்தார்கள். ஆனால் அப்படி ஓர் உதவி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கூடி உட்காரும் வகுப்பு என்று ஒன்று இல்லை.

முடிவு கடுமையாக இருந்தது. மூன்று பாடங்களில் ஒன்றில்கூட 51 சதவீதத்தைத் தாண்டித் தேர்ச்சி இல்லை. வழக்கமான வகுப்புகளில் அந்த அளவு 74 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தது. கல்லூரி அல்ஜிப்ராவில் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து சேர்ந்தவர்களில் தேறியவர்கள் 12 சதவீதம்தான். 2013 ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு வந்தது.

இதைப் பற்றி ஓர் ஆய்வுக்குழு வெளியிட்ட அறிக்கையில் கவனிக்க வேண்டிய ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. யார் தேறினார்கள் என்பதோடு மிக வலுவாகப் பொருந்தியது மாணவரின் வயதோ, பின்னணியோ அல்ல. அவர் எவ்வளவு கணக்குகளைப் போட்டு அனுப்பினார் என்பதுதான். வீடியோ பார்த்த நேரத்துக்கும் தேர்ச்சிக்கும் இருந்த உறவு அவ்வளவு தெளிவாக இல்லை. காதிரியின் வகுப்பில் கணக்குப் போடுவதற்கென்றே ஒரு நேரமும், ஓர் இடமும், பக்கத்தில் ஆளும் இருந்தார்கள். யுடாசிட்டி பாடத்தில் அந்த முயற்சி முழுவதும் மாணவரின் தனி மனவுறுதிக்கு விடப்பட்டது. ஏற்கெனவே ஒருமுறை தவறி, மனம் உடைந்த ஒரு 18 வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. எனக்கு இன்றும் மனம் ஆறாத இடம் இதுதான். துணை மிகவும் தேவைப்பட்டவர்களுக்கு மிகக் குறைவான துணையைக் கொடுத்துவிட்டு, புதுமை என்று பெயர் வைத்தோம்.

நிறுத்திவைக்கும் அறிவிப்பு வந்தபோது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கோடை பருவத்தில் எண்கள் தலைகீழாகத் திரும்பின. புள்ளியியலில் 83 சதவீதம் தேர்ச்சி, அல்ஜிப்ராவில் சுமார் 73. திட்டம் சரியாகிவிட்டது என்று சிலர் நிம்மதி அடைந்தார்கள். சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஒரு பட்டமாவது வாங்கியவர்கள் என்ற விவரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எப்படிப் படிப்பது என்று தெரிந்தவர்களுக்கு எந்தத் தளத்திலும் படிக்கத் தெரியும். த்ரன் இதை மறைக்கவில்லை. அந்த ஆண்டு இறுதிக்குள் தங்கள் தயாரிப்பு தரமாக இல்லை என்று வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டு, நிறுவனத்தை வேலைத்திறன் பயிற்சிப் பக்கம் திருப்பினார்.

தத்துவத் துறையின் மறுப்பு

இரண்டாவது சோதனை நடந்துகொண்டிருந்தபோதே இன்னொன்று நடந்தது. ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் நீதி பற்றிய எட்எக்ஸ் பாடத்தைப் பயன்படுத்தும்படி சான் ஹோசேயின் தத்துவத் துறையிடம் கேட்டார்கள். துறை மறுத்து, 2013 ஏப்ரல் 29 தேதியிட்டு சாண்டலுக்கே ஒரு திறந்த மடல் எழுதியது.

தொழில்நுட்ப வெறுப்பு என்று அதை ஒதுக்கியவர்கள் உண்டு. மடலைப் படித்தால் அப்படித் தோன்றாது. அந்த வீடியோக்களில் சாண்டல் ஹார்வர்டு மாணவர்களோடு விவாதிக்கிறார். வசதியான ஒரு கல்லூரியின் மாணவர்கள் நீதியைப் பற்றி விவாதிப்பதை எங்கள் மாணவர்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டார்கள். பணமுள்ள பல்கலைக்கழகங்களில் மாணவருக்கு நேரடி ஆசிரியர், மற்றவற்றில் வீடியோவும் ஓர் உதவியாளரும் என்று கல்வி இரண்டாகப் பிரிந்துவிடும் என்று எச்சரித்தார்கள். தன் வீடியோக்கள் வேறு கல்லூரி ஆசிரியர்களைப் பலவீனப்படுத்தப் பயன்படுவதைத் தானும் விரும்பவில்லை என்றே சாண்டல் பதில் சொன்னார்.

மின்சுற்றில் உதவிய அதே வகை வீடியோவைத் தத்துவத்தில் ஏன் மறுத்தார்கள்? சர்க்யூட்டில் விரிவுரை ஒரு முன்தயாரிப்பு. கற்றல் கணக்கில் நடக்கிறது. தத்துவ வகுப்பில் விவாதமே பாடம். அதைப் பதிவு செய்து அனுப்பினால் வகுப்பில் செய்ய மிச்சமிருக்கும் வேலை என்ன? இந்தக் கேள்வியைத் தமிழிலக்கியம், வரலாறு எடுக்கும் ஆசிரியர்களும் கேட்டுப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே படித்து வர ஒரு நூற்பகுதியைக் கொடுத்தாலே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். மசூர் புத்தகத்தோடுதான் தொடங்கினார்.

பிற்பாடு வந்த சான்றுகள்

சான் ஹோசேயில் பிரித்துப் பார்க்க முடியாததை மற்றவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். யூட்டாவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பாடத்தை இரண்டு விதமாக நடத்தினார்கள். ஒரு பிரிவில் மாணவர்கள் விஷயத்தை வீட்டில் கற்று, வகுப்பில் பயன்படுத்தினார்கள். மற்றதில் வகுப்பில் கற்று, வீட்டில் பயன்படுத்தினார்கள். இரண்டிலும் மாணவர் தாமே செய்து கற்கும் முறைதான். 2015-இல் வெளியான முடிவின்படி இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பலன் செய்து கற்பதிலிருந்து வருகிறது, தலைகீழாக்குவதிலிருந்து வரவில்லை என்று அவர்கள் கருதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு, வெறும் விரிவுரையில் 33.8 சதவீதம் பேர் தவறினால், செய்து கற்கும் வகுப்பில் 21.8 சதவீதம் பேர்தான் தவறுகிறார்கள் என்று காட்டியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அமெரிக்க ராணுவப் பயிற்சிக் கல்லூரியான வெஸ்ட் பாயிண்டில் நடந்த சோதனை. அங்கே வகுப்புப் பிரிவுகளையே குலுக்கல் முறையில் பிரித்து, 1,300-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் சோதித்தார்கள். கணிதத்தில் சில நாள் நீடித்த ஒரு முன்னேற்றம் தெரிந்தது. பொருளியலில் எதுவும் இல்லை. இறுதித் தேர்வு வரும்போது கணிதத்தில் தெரிந்த முன்னேற்றமும் கரைந்துபோனது. இதைவிடக் கவலை தரும் விஷயம் இன்னொன்று: கிடைத்த பலன் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களுக்கே போனது; பின்தங்கியவர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி கூடியது.

இதனால் முறையைக் கைவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வீடியோ பார்த்துவிட்டு வருவது என்ற ஏற்பாடே வசதியும் பழக்கமும் உள்ளவருக்குச் சாதகமானது. அதை ஈடுகட்டும் வேலையை ஆசிரியர் திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. யார் பார்க்காமல் வந்தார் என்று வகுப்பு தொடங்கும் முன்பே தெரிய வேண்டும். காதிரியின் கேள்வித்தாள் செய்தது அதைத்தான். பார்க்காதவரைத் திட்டி வெளியே அனுப்பினால் அவருக்கு வீடியோவும் போயிற்று, வகுப்பும் போயிற்று. கல்லூரி நூலகத்திலோ ஆய்வகத்திலோ மாலையில் இரண்டு மணி நேரம் கணினியைத் திறந்து வைத்தால், வீட்டில் ஒரே போனை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் மாணவருக்கு வழி பிறக்கும். தவறிய பாடத்தை மறுபடி எடுக்கும் பிள்ளைகள் உள்ள குழுவுக்கு ஆசிரியர் முதலில் போக வேண்டும், கடைசியில் அல்ல.

இன்னொன்று ஆசிரியரின் நேரம். நம் ஊரில் இந்த முறையை அறிமுகப்படுத்தும் நிர்வாகங்கள் வீடியோ எடுக்க ஸ்டூடியோவுக்கும் கேமராவுக்கும் பணம் ஒதுக்குகின்றன. பதிவான பாடம் கையில் இருப்பதால் ஆசிரியரின் வேலை குறைந்துவிட்டது என்று கணக்குப் போட்டு, கூடுதல் வகுப்புகளைத் தலையில் வைக்கின்றன. உண்மையில் கேள்வித்தாள்களைப் படிப்பது, அன்றைய கணக்குகளைத் தேர்ந்தெடுப்பது, எண்பது பேருக்கு நடுவே சுற்றி வருவது, ஒவ்வொரு வகுப்பிலும் நடக்கும் சிறு தேர்வைத் திருத்துவது எல்லாமே விரிவுரையைவிட அதிக நேரம் கேட்கும் வேலைகள். சுற்றி வர உதவியாளர்களும் தேவை. எம்.ஐ.டி. பாடம் கிடைத்தது என்பதற்காக சான் ஹோசேயில் அந்த வேலை எதுவும் குறையவில்லை. ஒரு கல்லூரி இந்த முறைக்கு மாறப்போகிறது என்றால், ஸ்டூடியோ எங்கே அமைப்பது என்ற கேள்விக்கு முன்னால், அந்த ஆசிரியரின் கால அட்டவணையிலிருந்து எந்த வகுப்பை எடுத்துவிடப் போகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.